ஓசைத் துணைக்குழு

கொர்னேலியஸ் என் பக்கத்து வீட்டுக்காரர். கிள்ளானில் எங்கள் தாமான் குடியிருப்பில் இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரு செங்கல் கனத்தில்தான் சுவர். அவர் வண்டியை ஸ்டார்ட் செய்தால் என் வீட்டு அலமாரியில் தட்டுகள் நகரும். ஆகவே இந்தக் கதையைச் சொல்ல எனக்கு எல்லா உரிமையும் உண்டு. சந்தேகம் இருப்பவர்கள் வந்து தட்டுகளைப் பார்க்கலாம்.

மனுஷன் தங்கமானவர். மேருவில் ஒரு நாற்காலித் தொழிற்சாலையில் ஸ்டோர் சூப்பர்வைசர். மனைவி சாந்தமேரி தனியார் மருத்துவமனை ஒன்றில் மிஸ்ஸி, அதாவது நர்ஸ். பத்து வருடமாக இரவு ஷிப்ட். காலை எட்டுக்கு வீட்டுக்கு வருவார், ஒன்பதுக்குப் படுப்பார், நாலுக்கு எழுவார். தெருவில் எல்லோருக்கும் இது தெரியும். ரொட்டிக்காரர்கூட எங்கள் இரண்டு வீட்டையும் தாண்டித்தான் மணியடிப்பார்.

மூன்று வருடத்துக்கு முன் வந்த வெள்ளத்தில் கொர்னேலியஸின் பழைய கார் மிதந்துபோய் முச்சந்தியில் குறுக்கே நின்றது. "இனிமே உயரமான வண்டிதான்" என்று சபதம் போட்டு, சுபாங் ஜெயாவில் ஒருவரிடமிருந்து ஏழு பேர் உட்காரும் பெரிய எஸ்யுவி ஒன்றை வாங்கினார். தாமான் கால்வாய் மட்டும் அப்படியே அடைத்துக்கொண்டு கிடந்தது. போன டிசம்பரில் மறுபடியும் தண்ணீர் வந்தது. வண்டி மிதக்கவில்லை, அந்தமட்டில் உயரம் உதவியது. எக்சோஸ் குழாய் இரண்டு நாள் சேற்றில் ஊறியது. துரு அரித்து, சில வாரத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டை விழுந்தது.

கொர்னேலியஸுக்கு வயிற்றுப்புண். வெளிச் சாப்பாடு ஆகாது. மத்தியானம் ஒரு மணிக்கு வீட்டுக்கு வந்துதான் சாப்பிடுவார். அதாவது, தினமும் ஒரு மணிக்கு சாந்தமேரி தூக்கம் கலைந்து எழுந்து உட்காருவார். வண்டியை முச்சந்தியில் விட்டுவிட்டுக் குடை பிடித்து நடந்து வந்து பார்த்தார் கொர்னேலியஸ். பிரயோசனமில்லை, அது முச்சந்திக்கு வருவதே வீட்டுக்குள் கேட்டது. ஐந்து மாதம் இப்படியே ஓடியது.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, வேலை முடிந்து வந்த சாந்தமேரி கைப்பையைக்கூட இறக்காமல் போர்ச்சில் நின்று பேசியது எனக்குச் சுவர் வழியாகக் கேட்டது. நான் ஒட்டுக் கேட்கவில்லை. சுவர் அப்படி.

"மூனாம் பெட் மாத்திரைய ஏழாம் பெட்டுக்குக் கொண்டு போயிட்டேங்க. அந்தப் பெரியவர்தான், 'மிஸ்ஸி, என் மாத்திரை வெள்ளையால்ல இருக்கும், இது ரோஸ் கலர்ல இருக்கே'ன்னு கேட்டாரு. அவரு கேக்கலன்னா? நான் ஒழுங்கா தூங்கி எத்தனை மாசம் ஆச்சு, தெரியுமா உங்களுக்கு?"

"மாத்திடுறேன் மேரி."

"திங்கக்கிழமைக்குள்ள மாத்துங்க. இல்லன்னா நான் சுங்கை வேயில தங்கச்சி வீட்டுல போய்த் தூங்கிக்குவேன். சோறு நீங்களே ஆக்கிக்குங்க."

மறுநாள் கொர்னேலியஸ் மேரு ரோட்டில் ஆ கியோங்கின் மெக்கானிக் கடைக்குப் போனார். ஆ கியோங் தோட்டத்துப் பக்கம் வளர்ந்த சீனர், நம்மைவிட வேகமாகத் தமிழ் பேசுவார். வண்டிக்கு அடியில் படுத்து ஓட்டைக்குள் கையை விட்டு மறுபக்கம் எடுத்தார். "அங்கிள், ஒன்னும் யோசிக்காத லா. கம்பெனி போட்ட மாதிரியே ஒரு ஸ்டாண்டர்ட் எக்சோஸ். ஒரு மணி நேரம். சனிக்கிழமை கொண்டு வா."

கதை இங்கேயே முடிந்திருக்க வேண்டும். சனிக்கிழமை அரை நாள் லீவு கேட்க கொர்னேலியஸ் மேனேஜரிடம் போனதுதான் வினை.

மேனேஜர் குகனுக்கு முப்பத்தாறு வயது. காரணத்தைக் கேட்டதும் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "என்னண்ணே நீங்க! இவ்ளோ பெரிய எஸ்யுவிக்கு ஸ்டாண்டர்ட் எக்சோஸா? எக்சோஸ்ங்கிறது பாசார்ல போய் கத்தரிக்கா வாங்குற மாதிரியா? அதைத் தேர்ந்தெடுக்க ஒரு முறை இருக்கு. நம்ம மன்றத்துல சேருங்க, நான் முன்மொழியிறேன். சனிக்கிழமை பிரிக்ஃபீல்ட்ஸ்ல கூட்டம்."

"எனக்குச் சத்தம் இல்லாம இருந்தா போதும் போஸ்."

"அதெல்லாம் அங்க பேசிக்கலாம்." லீவு பாரத்தில் கையெழுத்துப் போடாமல் பேனாவை விரலுக்கிடையில் சுழற்றிக்கொண்டே இருந்தார். கொர்னேலியஸ் மன்றத்தில் சேர்ந்தார்.

அதன் முழுப் பெயர் கிள்ளான் பள்ளத்தாக்கு எஸ்யுவி உரிமையாளர் நற்பணி மன்றம். நற்பணி என்னவென்று கடைசிவரை எனக்குத் தெரியவில்லை. ஒரு பூக்கடைக்கு மேல் மாடியில் அதன் அலுவலகம். கொர்னேலியஸ் துணைக்கு வரச் சொன்னார் என்று நானும் போனேன். எனக்கு அன்று வேறு வேலை இல்லாதது என் தலையெழுத்து.

செயலாளர் லோகேஸ்வரி ஒன்பது பக்கப் பாரம் ஒன்றை நீட்டினார். மூன்று பிரதி. ஆறாம் பக்கத்தில் 'விரும்பும் ஓசை' என்று ஒரு கட்டம்: உறுப்பினர் ஓசை, செயலவை ஓசை, தலைவர் ஓசை, இதர.

"மூனாவதுல டிக் போட்டுடாதீங்க அங்கிள்" என்றார் லோகேஸ்வரி. "தலைவர் ஓசை தலைவருக்கு மட்டும்தான். அதைவிடச் சத்தமா வேற யாரும் வைக்கக் கூடாது."

"பின்ன ஏம்மா பாரத்துல போட்டிருக்கீங்க?"

"ஜனநாயகம் அங்கிள்."

கொர்னேலியஸ் பாரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சத்தமே இல்லாதது எதுலம்மா வரும்?"

லோகேஸ்வரி பேனாவைக் கீழே வைத்தார். "இதரவுல வரும். இதரவுக்கு செயலவை ஒப்புதல் வேணும். மன்றம் ஆரம்பிச்சு ஒன்பது வருஷத்துல இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல."

கூட்டம் இரண்டு மணிக்கு. இரண்டே முக்காலுக்குத் தலைவர் டத்தோ கமலநாதன் ஸ்காட் ரோட்டில் திரும்பினார் என்பதை மாடி ஜன்னல் கண்ணாடிகள் அறிவித்தன. அந்தப் பட்டம் எப்போது, எதற்காகக் கிடைத்தது என்று யாரும் கேட்டதில்லை. கேட்பது மரியாதையும் இல்லை. பார்க்கிங் கிடைக்காமல் அவர் பேட்டையை நாலு சுற்று சுற்றினார். ஒவ்வொரு சுற்றுக்கும் நாங்கள் எழுந்து நின்று உட்கார்ந்தோம்.

பிறகு குத்துவிளக்கு, மன்ற வாழ்த்து, மாலை. டத்தோ ஸ்தாபகருக்குப் பொன்னாடை போர்த்தினார். ஸ்தாபகர் அதையே எடுத்துப் பொருளாளருக்குப் போர்த்த, பொருளாளர் டத்தோவுக்குப் போர்த்த, பொன்னாடை புறப்பட்ட தோளுக்கே வந்து சேர்ந்தது. எல்லோரும் கைதட்டினார்கள்.

ஸ்தாபகர் பெயர் ராஜன். எழுபத்திரண்டு வயது. நாற்பது வருடம் கிள்ளான் வட்டாரத்துக் கோயில் திருவிழாவுக்கெல்லாம் மைக் செட் போட்டவர். சத்தத்தில் அவரைக் கேட்டுத்தான் எதுவும் என்பதால் ஓசைத் துணைக்குழுவுக்கு நிரந்தரத் தலைவர். அவருடைய பரிசோதனை முறையைக் குகன் எங்களுக்குக் குசுகுசுவென்று விளக்கினார். புதுக் குழாய் மாட்டிய வண்டிக்குப் பின்னால் பத்தடி தள்ளிக் கண்ணை மூடி நிற்பார் ஐயா. கேட்டால் தலையை ஆட்டுவார். தலை ஆடாவிட்டால் அதைக் கழற்றிவிட்டு அடுத்த குழாய்.

"போன வருஷம் பாஸானது இந்த வருஷம் ஃபெயிலாகும்ணே" என்றார் குகன் பெருமையாக. "ஐயாவோட தரம் ஏறிக்கிட்டே போகுது. நானே மூனு தடவ மாத்திட்டேன்."

டத்தோ பேச எழுந்தார். "அன்பார்ந்த சமுதாயப் பெருமக்களே! நம் முன்னோர் தோட்டத்திலே எப்படிப் போனார்கள்? நடந்து போனார்கள். சத்தம் வந்ததா? வரவில்லை! ரயில்வேயிலே வேலை செய்தார்கள். சத்தம் வந்தது. ஆனால் அது யாருடைய சத்தம்? ரயிலுடைய சத்தம்!"

கைதட்டல்.

"இன்றைக்கு நாம் ஒரு தாமானுக்குள் நுழைந்தால், மூன்று ரோட்டுக்கு முன்பே ஊருக்குத் தெரிகிறது, நாம் வருகிறோம் என்று! நாய் குரைக்கிறது! குழந்தை அழுகிறது! கிழவர்கள் எழுந்து உட்காருகிறார்கள்! இதுவல்லவா சமுதாய எழுச்சி?"

அப்போது எங்கிருந்தோ மெல்லிசாக ஒரு சத்தம் கிளம்பியது. கீ என்று ஊசி மாதிரிக் காதில் இறங்கியது. டத்தோ மைக்கை நாலு தட்டுத் தட்டினார். "இந்த மைக்கை மாத்துங்கன்னு எத்தனை தடவ சொல்றது?"

"மாத்தியாச்சு டத்தோ" என்றார் பொருளாளர் பரிதாபமாக. "இது நாலாவது மைக்."

பேச்சு நாற்பது நிமிடம் போனது. எனக்கு ஒரு கால் மரத்துப்போனது. செயலவையினர் மேசைக்கு அடியில் போனைத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். முன்வரிசையில் ராஜன் ஐயா ஒருவர்தான் கண்ணை மூடி, முகத்தில் அப்படியொரு சாந்தத்தோடு கேட்டுக்கொண்டிருந்தார். இந்த வயதிலும் இவ்வளவு பொறுமையா என்று நான் வியந்தேன்.

கேள்வி நேரத்தில் கொர்னேலியஸ் கையைத் தூக்கினார். எக்சோஸைப் பற்றிக் கேட்கப்போகிறார் என்று நினைத்தேன். மனுஷன் நியாயமான ஆள், வேரிலிருந்து ஆரம்பித்தார். "டத்தோ, எங்க தாமான்ல கால்வாய் அடைச்சு மூனு வருஷம் ஆச்சு. மழை வந்தா தண்ணி வீட்டுக்குள்ள ஏறுது. எக்சோஸே அதனாலதான் போச்சு. மன்றத்து சார்பா நகராண்மைக் கழகத்துக்கு ஒரு கடிதம் போட்டா கொஞ்சம் நல்லாருக்கும்."

டத்தோ மைக்கை வாயிலிருந்து தள்ளி வைத்தார். குரலைத் தாழ்த்தினார். மேடைத் தமிழும் இறங்கிவிட்டது. "பிரதர், இதெல்லாம் சத்தம் போடுற விஷயம் இல்ல லா. மேலிடத்துல பக்குவமா, மெதுவா காதுல போடணும். நான் போட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்."

அடுத்து 'இதர' எடுத்துக்கொள்ளப்பட்டது. சத்தமில்லாத எக்சோஸ் கேட்கும் உறுப்பினரை என்ன செய்வது என்று யாருக்கும் புரியவில்லை. ஒருவர், இது சமுதாயத்தைப் பின்னுக்குத் தள்ளும் முயற்சி என்றார். இன்னொருவர், கொர்னேலியஸை யாரோ அனுப்பியிருக்கிறார்கள் என்றார். கொர்னேலியஸ் திருதிருவென்று விழித்துக்கொண்டு, "என் பொண்டாட்டி தூங்கணும், அவ்வளவுதாங்க" என்றார். அது நிகழ்ச்சிக் குறிப்பில் ஏறவில்லை. முடிவில் லோகேஸ்வரி சட்ட விதியைப் புரட்டி, எந்த முடிவுக்கும் முன் வண்டியின் 'தற்போதைய ஓசை' பதிவு செய்யப்பட வேண்டும் என்று கண்டுபிடித்தார். எல்லோரும் பூக்கடைக்குப் பின்சந்துக்கு இறங்கினோம்.

ராஜன் ஐயா பத்தடி தள்ளி நின்றார். கண்ணை மூடினார். கொர்னேலியஸ் சாவியைத் திருகினார்.

பூ கட்டிக்கொண்டிருந்த பெண்கள் நாரைப் போட்டுவிட்டு உள்ளே ஓடினார்கள். எதிர்மாடியில் காய்ந்த துணி கீழே விழுந்தது. ராஜன் ஐயாவின் தலை மெதுவாக ஆட ஆரம்பித்தது. ஆடிக்கொண்டே இருந்தது. கண்ணைத் திறந்தபோது கலங்கியிருந்தது.

"கேக்குது!" என்றார். "தம்பி, நல்லாக் கேக்குது! இவ்வளவு சுத்தமா நான் கேட்டு வருஷக்கணக்காச்சு!"

டத்தோவின் முகம் மாறிவிட்டது. கொர்னேலியஸின் பக்கத்தில் வந்தார். "என்ன பிராண்ட் பிரதர்? இத்தாலியா? ஜப்பானா?"

"பிராண்ட் இல்ல டத்தோ. துரு. ஓட்டை."

லோகேஸ்வரி எழுதிக்கொண்டார். "துரு. இறக்குமதியா, லோக்கலா?"

"லோக்கல்தாம்மா. எங்க தாமான் கால்வாய்."

அதையும் எழுதிக்கொண்டார்.

இப்போது மன்றத்துக்கு ஒரு நெருக்கடி. நேற்றுச் சேர்ந்த சாதாரண உறுப்பினரின் ஓசை தலைவர் ஓசையை மிஞ்சிவிட்டது. செயலவை பூக்கடை ஓரமாக ஒதுங்கி அரைமணி நேரம் வட்டமாக நின்று பேசியது. லோகேஸ்வரி தீர்மானத்தை வாசித்தார்:

"உறுப்பினர் கொர்னேலியஸ் அவர்களின் ஓசை சமுதாயச் சொத்தாக அறிவிக்கப்படுகிறது. மன்றத்தின் எழுத்துப்பூர்வ அனுமதியின்றி மேற்படிக் குழாயைக் கழற்றவோ, மாற்றவோ, அடைக்கவோ கூடாது. நாளை ஞாயிறு காலை பத்து மணிக்கு உறுப்பினரின் இல்லத்தில் ஓசை ஏற்பு விழா நடைபெறும். உரிய காலத்தில் குழாய் தலைவரின் வண்டிக்கு மாற்றப்படும்."

"நாளைக்கா? வீட்டுலயா?" கொர்னேலியஸுக்கு வியர்த்துவிட்டது. "பத்து மணிக்கு மேரி தூங்கிக்கிட்டு இருப்பாளே!"

"கவலைப்படாதீங்கண்ணே" என்றார் குகன். "எந்திரிச்சிருவாங்க."

திரும்பும்போது ஃபெடரல் ஹைவே முழுக்க எங்களுக்குள் பேச்சில்லை. பேசியிருந்தாலும் கேட்டிருக்காது. கிள்ளானில் சிவப்பு விளக்கில் நின்றபோது கொர்னேலியஸ் இன்ஜினை அணைத்துவிட்டுச் சொன்னார், "ஆ கியோங் கடைக்கே போயிருக்கணும். பொண்டாட்டிய நிம்மதியா ஒரு நாள் தூங்க வைக்கத் துப்பில்லாதவனா ஆயிட்டேன் பாருங்க." வீட்டுக்குப் போனபோது சாந்தமேரி வேலைக்குக் கிளம்பிப் போயிருந்தார்.

ஞாயிறு காலை ஒன்பதுக்கு சாந்தமேரி காதில் பஞ்சை வைத்துக்கொண்டு படுத்தார். ஒன்பதே முக்காலுக்குப் பதினோரு எஸ்யுவிகள் எங்கள் தெருவுக்குள் வந்தன. என் வீட்டில் இரண்டு தட்டுகள் போயின. தெருவில் கூடாரம் போட்டார்கள், மைக் வைத்தார்கள். கொர்னேலியஸின் துருப்பிடித்த குழாய்க்குச் சாமந்தி மாலை விழுந்தது. சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். கிறிஸ்தவ வீடு என்பதால் பக்கத்தில் ஒரு மெழுகுவர்த்தியும் ஏற்றி, இது சமய நல்லிணக்கம் என்று டத்தோ மைக்கில் அறிவித்தார்.

அறிவித்துவிட்டு நாற்பது நிமிடம் பேசினார். பேச்சு முடிந்ததும் கொர்னேலியஸைப் பார்த்துக் கையை அசைத்தார். கொர்னேலியஸ் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு அசையாமல் நின்றார்.

"என்னால முடியாது டத்தோ. உள்ள மனுஷி தூங்குது. ராத்திரி பூரா நின்னுட்டு வந்திருக்கு."

"தூங்குகின்ற சமுதாயத்தைத் தட்டி எழுப்புவதுதான் மன்றத்தின் பணி!" என்றார் டத்தோ மைக்கில். குகன் கொர்னேலியஸின் கையிலிருந்து சாவியைப் பிடுங்கி, ஏறி உட்கார்ந்து திருகினார்.

சாமந்திப் பூக்கள் ரோட்டுக்குப் பறந்தன. மெழுகுவர்த்தி அணைந்தது. ராஜன் ஐயா பத்தடி தள்ளிக் கண்ணை மூடித் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். கொர்னேலியஸ் ஜன்னல் வழியாகக் கையை விட்டு வண்டியை அணைப்பதற்குள் வீட்டுக் கதவு திறந்தது.

சாந்தமேரி தூங்கும்போது போடும் கஃப்தானோடு வெளியே வந்தார். கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. காதிலிருந்து பஞ்சை ஒவ்வொன்றாக எடுத்து, கூடாரத்தையும் மாலையையும் பார்த்தார். வண்டி அணைந்திருந்தது. அந்த அமைதியில் மறுபடியும் அந்தச் சத்தம் கிளம்பியது, கீ என்று. டத்தோ பழக்க தோஷத்தில் மைக்கைத் தட்டினார்.

"மைக் இல்ல அது" என்றார் சாந்தமேரி.

நேராக ராஜன் ஐயாவிடம் போனார். அவருடைய சட்டைப்பைக்குள் இரண்டு விரலை விட்டு, தோல் நிறத்தில் அவரைக்கொட்டை அளவுக்கு ஒன்றை வெளியே எடுத்தார். காதுக் கருவி. அதுதான் கத்திக்கொண்டிருந்தது. கஃப்தான் நுனியில் துடைத்து, வார்டில் நோயாளிக்கு மாட்டுகிற மாதிரி அவர் முகத்தைத் திருப்பிக் காதில் வைத்தார்.

"இப்பக் கேக்குதா ஐயா?"

"கேக்குதும்மா. ஏன் கத்துற?"

"இதை ஏன் கழட்டிப் பாக்கெட்டுல போட்டீங்க?"

ராஜன் ஐயா சுற்றுமுற்றும் பார்த்தார். பொய் சொல்லத் தெரியாத மனுஷன். "மன்றம் ஆரம்பிச்ச வருஷம் எம் மவ வாங்கிக் குடுத்தாம்மா. கூட்டத்துக்கு வந்தா கழட்டிருவேன். டத்தோ பேச்சு நாப்பது நிமிஷம் போகும். எப்படிம்மா கேக்குறது? இது பாக்கெட்டுல இருந்ததாலதான் நான் இன்னும் மன்றத்துல இருக்கேன்."

"பேச்சு முடிஞ்சா?"

"மாட்ட மறந்துருவேன்."

டத்தோ கையிலிருந்த மைக்கைப் பார்த்தார். பொருளாளரும் அதைத்தான் பார்த்தார். நாலு மைக் வாங்கியவர் அவர்.

"தம்பி, இப்ப ஸ்டார்ட் பண்ணுங்க" என்றார் சாந்தமேரி குகனிடம். குகன் டத்தோவைப் பார்த்தார். "பண்ணுங்கன்னு சொல்றேன்ல?" அந்தக் குரலுக்கு ஊசி போட்டுக்கொள்ள மறுத்தவன் எவனும் இருக்க மாட்டான். குகன் திருகினார்.

ராஜன் ஐயா துள்ளிக் குதித்தார். இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு, "நிறுத்து! டேய், நிறுத்துடா! என்னடா எழவு இது! எவன் இதுக்கு ஒப்புதல் குடுத்தது?" என்று அலறினார்.

லோகேஸ்வரி பதிவேட்டைப் புரட்டினார். "நீங்கதான் ஐயா. நேத்து, பின்சந்துல."

"மத்த வண்டிக்கெல்லாம்?"

"எல்லாத்துக்கும் நீங்கதான் ஐயா. ஒன்பது வருஷமா."

அவர் தெருவில் வரிசையாக நின்ற பதினோரு வண்டிகளையும் பார்த்தார். பிளாஸ்டிக் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். "அடப்பாவிங்களா, கேக்கலன்னா யாராச்சும் ஒருத்தன் சொல்லக் கூடாதாடா?" என்றார்.

"உங்ககிட்ட எப்படி ஐயா சொல்றது?" என்றார் பொருளாளர். "மரியாதைன்னு ஒன்னு இருக்குல்ல."

சாந்தமேரி டத்தோ பக்கம் திரும்பினார். "டத்தோ, நான் அஞ்சு மாசமா தூங்கல. போன வாரம் மூனாம் பெட் மாத்திரை ஏழாம் பெட்டுக்குப் போச்சு. நாளைக்கு ஏழாம் பெட்டுல உங்க வீட்டு ஆளு படுத்திருக்கலாம். யோசிச்சுக்குங்க." சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

மன்றம் யோசித்தது. செயலவை கூடாரத்துக்குள்ளேயே அவசரக் கூட்டம் போட்டது. கால்மணி நேரத்தில் லோகேஸ்வரி புதிய தீர்மானத்தை வாசித்தார்.

"பணியில் இருக்கும்போது ஓசைத் துணைக்குழுத் தலைவர் தம் காதில் எந்தக் கருவியும் அணியக் கூடாது. முன்மொழிந்தவர் குகன். வழிமொழிந்தவர் பொருளாளர். ஒருமனதாக நிறைவேறியது."

ராஜன் ஐயா அந்த இடத்திலேயே பதவி விலகினார். அவருடைய ஒன்பதாண்டுச் சேவையைப் பாராட்டி அதே பொன்னாடை போர்த்தப்பட்டது. பிறகு எல்லோரும் மீ கோரேங் சாப்பிட்டார்கள். ராஜன் ஐயா மட்டும் என் பக்கத்தில் வந்து, "தம்பி, உங்க சின்னக் காருல என்னைக் கொஞ்சம் வீட்டுல விட்டுருங்களேன். என் வண்டில ஏற எனக்கே பயமா இருக்கு" என்றார். கொண்டுபோய் விட்டேன். வழியெல்லாம் ஜன்னலை இறக்கி வைத்துக்கொண்டு குருவிச் சத்தம் கேட்கிறது, குருவிச் சத்தம் கேட்கிறது என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

திங்கட்கிழமை காலை கொர்னேலியஸ் யாரையும் கேட்காமல் லீவு போட்டார். குகன் இரண்டு தடவை அழைத்தார், எடுக்கவில்லை. பத்து மணிக்கு நாங்கள் ஆ கியோங் கடையில் இருந்தோம். பதினொன்றுக்கு வேலை முடிந்தது. ஆ கியோங் பழைய குழாயை வண்டியின் பின்பகுதிக்குள் தூக்கிப் போட்டுவிட்டு, "என்ன அங்கிள், இதுல பூவெல்லாம் ஒட்டியிருக்கு?" என்றார். கொர்னேலியஸ் காசை எண்ணிக் கொடுத்தார்.

வண்டி தெருவுக்குள் நுழைந்தது எனக்கே தெரியவில்லை, நான் உள்ளே உட்கார்ந்திருந்தும். கொர்னேலியஸ் செருப்பைக் கழற்றிவிட்டுப் பூனை மாதிரி உள்ளே போய்ப் படுக்கையறையை எட்டிப் பார்த்தார். திரும்பி வந்து போர்ச்சில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். கண் நிறைந்திருந்தது. "தூங்குறா" என்றார்.

சாந்தமேரி நாலு மணிக்கு எழவில்லை. ஐந்தே காலுக்கு, கன்னத்தில் தலையணைத் தடத்தோடு வெளியே வந்து, "மணி அஞ்சா? நெசமாவா?" என்றார். முகம் பத்து வயது குறைந்த மாதிரி இருந்தது. மூன்று பேரும் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோது கொர்னேலியஸின் போன் அடித்தது. டத்தோ. ஸ்பீக்கர் தேவைப்படவில்லை, தெருவுக்கே கேட்டது.

"பிரதர்! குழாயைக் கழட்டிட்டீங்களாமே? அது சமுதாயச் சொத்து! தீர்மானம் போட்டாச்சு! எம் மெக்கானிக்கு லோரியோட காத்துக்கிட்டு இருக்கான். எங்க அது?"

கொர்னேலியஸ் போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்தார். சாந்தமேரி போனை வாங்கினார்.

"டத்தோ, நான் மேரி பேசுறேன். குழாய் இந்தா, வண்டிக்குள்ள பின்னாடி கெடக்கு. தாராளமா எடுத்துக்குங்க. ஒரே ஒரு விஷயம். அது ஓட்டையானது எங்க தாமான் கால்வாயால. டிசம்பர்ல மறுபடி தண்ணி வரும். நீங்க அந்தக் குழாயையும் மாட்டிக்கிட்டு, பதினோரு வண்டியையும் கூட்டிக்கிட்டு, நகராண்மை ஆபீஸ் வாசல்ல வந்து நின்னு ஒரு அஞ்சு நிமிஷம் ஸ்டார்ட் பண்ணுங்க. நான் வேலை முடிஞ்சு தூங்காம வந்து உங்களுக்குக் கை தட்டுறேன்."

மறுமுனையில் சத்தமே இல்லை. நாங்கள் மூன்று பேரும் காத்திருந்தோம்.

"ஹலோ?" என்றது டத்தோவின் குரல், மெதுவாக. "ஹலோ மிஸ்ஸி? லைன் சரியில்ல போலிருக்கே. ஹலோ? ஒன்னுமே கேக்கலியே..."

போன் துண்டிக்கப்பட்டது. சாந்தமேரி அதைக் கணவரின் கையில் கொடுத்துவிட்டு, யூனிஃபார்மை அயர்ன் போட உள்ளே போனார்.

"இவரும் கழட்டிப் பாக்கெட்டுல வச்சிட்டாருங்க" என்றார் போகும்போது.